சிங்கப்பூர்ப் பள்ளியில் மூன்றாம் தவணை: புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரையிலான பத்து வாரங்களைச் சிங்கப்பூரில் மூன்றாம் தவணை என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, பிள்ளையை இங்கே தொடக்கப்பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஆண்டிலேயே அதிகம் குழப்பம் தருவது இந்தத் தவணைதான். திங்கட்கிழமை பாரம்பரிய உடை, வெள்ளிக்கிழமை சிவப்பு வெள்ளைச் சட்டை, அடுத்த வாரம் அருங்காட்சியகம், அனுமதி தருக என்று அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பேசியில் வந்து விழும். இதற்கு நடுவே வழக்கமான பாடங்களும் வீட்டுப்பாடங்களும் நடந்துகொண்டே இருக்கும்.

பெற்றோர் ஆதரவுக் குழுவில் பல ஆண்டுகளாக இருப்பதால் ஒவ்வொரு ஜூலையிலும் புதியவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டுவருகிறேன். பெரும்பாலும் உடையைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது, எந்த நிறம்? உடைக்கு அரை மணி நேரம் போதும். அந்த உடையைப் பிள்ளை ஏன் அணிகிறது என்பதற்குத்தான் நேரம் வேண்டும். இந்தத் தவணையில் பள்ளி வரலாற்றைத் தொட்டுக்காட்டும். அதைப் பிள்ளையின் மனத்தில் நிற்கவைப்பது வீட்டின் வேலை. அந்த வேலையை எந்த வரிசையில் செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதல் வாரம்: நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பள்ளி அறிவிப்புகள் 'பேரண்ட்ஸ் கேட்வே' என்ற செயலியில் வரும். அதற்குள் நுழைய, அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வேண்டும். வேலை அனுமதியிலோ சார்ந்தோர் அனுமதியிலோ வந்தவர்களும் சிங்பாஸ் பெறலாம். வந்த முதல் மாதத்திலேயே தாய், தந்தை இருவரும் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒருவரிடம் மட்டும் செயலி இருந்து, அவர் வெளியூர் போயிருந்த நாளில் கற்றல் பயணத்துக்கான அனுமதிக் கெடு முடிந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நாள்காட்டியை எடுங்கள். ஜூலை முதல் ஞாயிறு இளையர் தினம். மறுநாள் பள்ளி விடுமுறை. ஜூலை 21 இன நல்லிணக்க நாள். அது சனி, ஞாயிறில் விழுந்தால் அதை ஒட்டிய ஒரு பள்ளி நாளில் கொண்டாடுவார்கள். ஆகஸ்ட் 9 தேசிய தினம். பள்ளிக் கொண்டாட்டம் அதற்கு முந்தைய பள்ளி நாளில் நடக்கும். செப்டம்பர் முதல் வெள்ளி ஆசிரியர் தினம். கற்றல் பயணங்கள் எந்த வாரத்தில் வேண்டுமானாலும் வரலாம். பிள்ளை தொடக்கநிலை 5இல் இருந்தால் ஜூலை மாதச் சனிக்கிழமைகளைக் காலியாக வைத்திருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலை 21க்கு முன்: 1964ஐப் பற்றிப் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இன நல்லிணக்க நாள் ஒரு மாறுவேடப் போட்டி நாளாகவே பல பிள்ளைகளின் நினைவில் தங்கிவிடுகிறது. அந்தத் தேதி ஏன் வந்தது என்று வகுப்பில் சொல்லத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாட்டும் விளையாட்டும் நிறைந்த அந்தக் காலையில் சிறு பிள்ளையின் காதில் அது நிற்பதில்லை.

நடந்தது இது. 1963 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. இரு தரப்பு அரசியல்வாதிகளின் பேச்சும் மாதத்துக்கு மாதம் சூடேறிக்கொண்டிருந்தது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் புறப்பட்டது. வழியில் மூண்ட கைகலப்பு, மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையிலான கலவரமாக நகரம் முழுவதும் பரவியது. அன்றிரவே ஊரடங்கு. அது அடங்கியபின் செப்டம்பரில் மீண்டும் ஒரு கலவரம். இரண்டிலுமாக 36 பேர் உயிரிழந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு, 1965 ஆகஸ்ட் 9 அன்று, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. பள்ளிகளில் ஜூலை 21ஐக் கடைப்பிடிக்கும் வழக்கம் 1997இல் தொடங்கியது.

இதை வயதுக்கு ஏற்பச் சொல்லவேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கை வேண்டாம். 'இதே ஊரில் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து மக்கள் பயந்தார்கள். கடைக்குப் போகக்கூட முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அப்படி இனி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த நாள்' என்று சொன்னால் போதும். பத்து வயதுப் பிள்ளைக்குத் தேதி, இடம், ஊரடங்கு எல்லாவற்றையும் சொல்லலாம். அந்த வயதில் 'யார் முதலில் அடித்தது?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு ஓர் இனத்தின் பெயரைப் பதிலாகச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இருந்த அவநம்பிக்கை, மேடைப் பேச்சுகள், காதோடு காதாகப் பரவிய வதந்திகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிறு தள்ளுமுள்ளு எப்படி ஊரையே பற்றவைக்கும் என்று விளக்குங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு வதந்தி என்றால் என்ன என்று புரியும்.

மறுபக்கத்தையும் சொல்லுங்கள். கம்பம் எனப்படும் கிராமங்களில் மலாய்க் குடும்பங்கள் சீனக் குடும்பங்களையும் சீனர்கள் மலாய்க்காரர்களையும் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கலவரத்துக்குப் பின் தொகுதிதோறும் எல்லா இனத்தவரும் சேர்ந்த நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர் யாரிடமாவது பழக்கம் இருந்தால், ஊரடங்கு நாள்களைப் பற்றிப் பிள்ளை அவரிடம் கேட்கட்டும். பலர் சொல்லத் தயாராகவே இருக்கிறார்கள், கேட்பவர்தான் இல்லை.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஜூலை என்றாலே 1983 நினைவுக்கு வரும். அந்த வீடுகளில் இந்தப் பேச்சைத் தொடங்கப் பெரியவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. தயக்கத்தோடாவது தொடங்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாடு தன் கலவர நாளையே பள்ளி நாளாக்கி, குழந்தைகளுக்கு அதை ஆண்டுதோறும் சொல்லித் தருகிறது என்பதை உங்கள் பிள்ளை உங்கள் வாயால் கேட்கும்போது அதன் எடை வேறு.

ஒரு சனிக்கிழமை காலை: தெலுக் ஆயரிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு வரை

பள்ளி அழைத்துப்போகும் பயணங்கள் நாற்பது பிள்ளைகள், ஒரு வழிகாட்டி, ஒரு பணித்தாள் என்று நடப்பவை. அவை முடிந்தபின் பிள்ளை சொந்தமாகக் கேள்வி கேட்க நேரம் இருக்காது. ஆகவே ஜூலை 21க்கு முன் குடும்பமாக ஒரு நடை போய்வாருங்கள். காசு செலவில்லை, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கித் தெலுக் ஆயர் தெருவில் நடக்கத் தொடங்குங்கள். முதலில் பிள்ளையிடம் 'கடல் எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள்தாம் தெரியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தெருதான் கடற்கரை. பின்னர் மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்தார்கள். கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு முதலில் நன்றி சொன்ன இடங்கள் இன்றும் இங்கே வரிசையாக நிற்கின்றன.

அவற்றில் ஒன்று நாகூர் தர்கா. தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டியது. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக எழுந்தது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. தஞ்சை, நாகை வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இதன் முன் நின்றதும் பரவசப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் ஹொக்கியன் சீனர்கள் 1839க்கும் 1842க்கும் இடையே கட்டிய தியன் ஹொக் கெங் கோயில் இருக்கிறது. கடல் தெய்வமான மாசு அன்னைக்கு உரியது. இன்னும் சில அடி நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் தமிழ் முஸ்லிம்கள் அதைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தார்கள்.

இந்த மூன்றின் முன்னும் பிள்ளையிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைக் கட்டியவர்கள் எந்த ஊரிலிருந்து, எதற்குப் பயந்து, எதை நம்பி வந்தார்கள்? மதங்களின் பெயரை ஒப்பிப்பதைவிட, இவர்கள் எல்லோரும் கடல் கடந்து வந்த அச்சத்தை உணர்வது பிள்ளைக்கு அதிகம் கற்றுத்தரும்.

அங்கிருந்து ஆன் சியாங் குன்றுப் பூங்கா வழியாக ஏறி இறங்கினால் சவுத் பிரிட்ஜ் ரோடு வந்துவிடும். 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாகத் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், 1826இல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சைனாடவுனின் நடுவில் இருக்கின்றன என்பதைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டுங்கள். கோயிலை நிறுவ முன்னின்றவர் நாராயண பிள்ளை. இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1819இல் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து கூடவே வந்த தமிழர். செங்கல் சூளை வைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராக வளர்ந்தவர். 'நாம் நேற்று வந்தவர்கள்' என்ற எண்ணத்தோடு வகுப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பெயர் கொடுக்கும் நிமிர்வு பெரிது.

நடைமுறைக் குறிப்புகள் சில. கோயில் நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். எனவே பதினொன்றரைக்குள் உள்ளே போய்விடுங்கள். பள்ளிவாசல்களுக்கு வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் போகவேண்டாம். தோளும் முழங்காலும் மூடும் உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும். படம் எடுக்குமுன் கேளுங்கள். பசித்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் கூப்பிடு தூரம்.

இன்னொரு நாள் கிடைத்தால் கம்போங் கிளாமுக்குப் போங்கள். சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தின் அடிப்பகுதியில் கருமையாக ஒரு பட்டை தெரியும். அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது. பணம் கொடுக்க வசதியில்லாத ஏழை முஸ்லிம்களும் கட்டுமானத்தில் பங்குகொள்ள வேண்டும் என்று அவர்களிடமிருந்து புட்டிகள் பெறப்பட்டன. சிட்டி ஹால் நிலையத்துக்கு எதிரே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் 1861இல் எழுந்தது. அதன் வெள்ளைச் சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் கலந்து அரைத்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். விலங்கோடு வந்தவர்களின் கையில் இருந்த தொழில் இது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. மழை நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அருங்காட்சியகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். மற்றவர்கள் கட்டண விவரத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டு, பிள்ளையின் பள்ளி மாணவர் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

உடையும் உணவும்

உடை விஷயத்தில் பெரும்பாலான பள்ளிகள் இரண்டு வழி சொல்லும்: உங்கள் பாரம்பரிய உடை, அல்லது வேறோர் இனத்தின் உடை. இரண்டும் இங்கே இயல்பானவை. தமிழ்ப் பெண்பிள்ளை மலாய் உடையான பாஜு கூரோங் அணிந்து வருவதையும் சீனப் பையன் குர்தா போட்டு வருவதையும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் பாவாடை சட்டை, குர்தா, வேட்டி எல்லாம் சிறுவர் அளவில் கிடைக்கும். பாஜு கூரோங்கிற்கு கேலாங் சிராய், ஜூ சியாட் பக்கம், சீன உடையான சொங்சாமுக்குச் சைனாடவுன். வாங்குவதைவிட மேலான வழி, மலாய் அல்லது சீன அண்டைவீட்டாரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேட்பது. அந்த அழைப்பு மணியை அடிக்க இதைவிட நல்ல காரணம் ஆண்டு முழுவதும் கிடைக்காது.

சரிகை நெய்த கனத்த பட்டு வேண்டாம். ஜூலை வெயிலில், மண்டபத்திலும் திடலிலும் ஓடியாடும் நாள் அது. பருத்தியே போதும். வேட்டி என்றால் ஒட்டுப்பட்டை வைத்தது. உள்ளே அரைக்கால்சட்டை கட்டாயம்.

இன்னொருவர் உடையை அணியும்போது சில எல்லைகள் உண்டு. முகத்திலோ கையிலோ வேறு நிறம் பூசுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வழிபாட்டுக்குரிய பொருள்களை அலங்காரமாகப் போடுவதும் கூடாது. அந்த உடையின் பெயரையும் எந்தச் சந்தர்ப்பத்தில் அணிவார்கள் என்பதையும் பிள்ளை தெரிந்துகொண்டே வீட்டை விட்டுக் கிளம்பட்டும். பெயர்கூடத் தெரியாமல் அணிந்தால் அது வெறும் வேடமாகிவிடும்.

சாப்பாடு கொண்டுவரச் சொன்னால் முதலில் வகுப்பாசிரியரிடம் விதிகளைக் கேளுங்கள். வீட்டில் செய்ததைப் பகிரப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. ஹலால் முத்திரை உள்ள முறுக்கு, மிக்சர் பொட்டலங்கள் எளிதில் கிடைக்கும். அவையே எல்லோருக்கும் வசதி. நிலக்கடலை கலந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் அநேகமாக எந்த வகுப்பிலும் இருப்பார்கள். உங்கள் பிள்ளை சைவம் என்றால் அதையும் முன்கூட்டியே ஆசிரியருக்கு எழுதிவிடுங்கள்.

அந்த நாளுக்குப் பிள்ளை எதைக் கொண்டுபோகலாம்?

பல்லாங்குழி. வீட்டில் இருந்தால், பள்ளியில் அனுமதி கேட்டுக் கொண்டுபோகட்டும்.

இன நல்லிணக்க நாளில் பள்ளிகள் பழைய கம்பத்து விளையாட்டுகளை வைப்பது வழக்கம். சிறு துணிப்பைகளில் அரிசியோ பயறோ நிரப்பி ஆடும் ஐந்து கல், இறகுப் பந்தைக் காலால் தட்டும் சாப்தே, ரப்பர் வளையங்களைக் கோத்துத் தாண்டும் விளையாட்டு, பிறகு சொங்காக். சொங்காக் பலகையைப் பார்த்ததும் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் 'எங்கள் பாட்டி வீட்டில் இருக்கிறதே' என்று சொல்லும். இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி. குழியில் உள்ளதை அள்ளி ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஆனால் சொங்காக்கில் இரு முனைகளிலும் பெரிய கிடங்குக் குழி ஒன்று உண்டு. தன் முறையில் தன் கிடங்கிலும் ஒரு காய் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பல்லாங்குழியில் வென்ற காய்களைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாட்டைப் பிள்ளை தானே ஆடிக் கண்டுபிடித்து வகுப்பில் காட்டினால், அந்த ஐந்து நிமிடம் எந்தப் பட்டுப்பாவாடையையும் விஞ்சிவிடும். சிப்பியும் சோழியும் புளியங்கொட்டையும் கடல் கடந்து பழகிய கதையை அவர்களே பேசிக்கொள்வார்கள். முந்தைய வாரம் வீட்டில் இரண்டு விளையாட்டையும் ஆடிப் பழகவிடுங்கள்.

புதிதாக வந்த பிள்ளையிடம் 'நீ இந்தியன், அப்படியானால் இந்தி பேசுவாயா?' என்று வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். கோபப்பட வேண்டியதில்லை. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, இங்குள்ள இந்தியர்களில் மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி, தெலுங்கர் எல்லோரும் உண்டு என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதே அளவுக்கு, சீனர் என்றால் எல்லோரும் ஒரே ஊர்க்காரர் இல்லை, ஹொக்கியன், தியோசியூ, கண்டோனீஸ், ஹக்கா என்று பல கிளைகள் உண்டு என்பதையும் நம் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். மலாய் பேசி, சாரோங் கெபாயா அணிந்து, சிவனையும் அம்மனையும் கும்பிடும் மலாக்கா செட்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள்.

நிறத்தையோ மணத்தையோ சொல்லி யாராவது பிள்ளையைப் புண்படுத்தினால், அன்றைக்கே வகுப்பாசிரியருக்கு நடந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். ஆசிரியர்கள் இதைப் பொறுப்போடு கையாளுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். நம் பிள்ளை அப்படிப் பேசியதாகச் செய்தி வந்தாலும் இதே பொறுப்பு நமக்கு உண்டு. வீட்டில் நாம் மற்ற இனத்தவரை எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பதைப் பிள்ளைகள் அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள்.

கற்றல் பயணங்கள்

பயணத்துக்கு முன் செயலியில் அனுமதி கேட்பார்கள். உடல்நிலைக் குறிப்பு இருந்தால் அதில் எழுதுங்கள். பேருந்தில் வாந்தி எடுக்கும் பழக்கம்கூட எழுதத் தக்கதுதான். குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குச் செலவை, கல்விக்காக அரசு பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மற்றவர்கள் தாங்களே கட்டவேண்டும். பெயர் எழுதிய தண்ணீர்ப் புட்டி, தொப்பி, மழை அங்கி, இரண்டு பென்சில் போதும். விலையுயர்ந்த கைக்கடிகாரம் வேண்டாம்.

தொடக்கநிலை 4இல் சிங்கப்பூரின் கடந்தகாலம் சமூக அறிவியல் பாடத்தில் வருகிறது. தேசிய அருங்காட்சியகத்துக்குப் பள்ளிகள் அழைத்துப்போவதும் பெரும்பாலும் அந்த வகுப்பில்தான். 1887இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், இன்றுவரை யாராலும் முழுமையாகப் படித்து முடிக்கப்படாத எழுத்துகள் கொண்ட சிங்கப்பூர்க் கல்லின் துண்டு இருக்கிறது. பிள்ளையிடம் அதைத் தேடிப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'அந்தக் கல் எவ்வளவு பெரியது? அதை உடைத்தது யார்?' என்று கேளுங்கள். ஆற்று முகத்தில் நின்ற பாறையை 1843இல் பிரிட்டிஷ்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்பதைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும்.

போர்க்கால இடங்களுக்கும் போவார்கள்: 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்த பழைய ஃபோர்ட் தொழிற்சாலை, சாங்கி அருங்காட்சியகம். எளிதில் பயந்துவிடும் பிள்ளை என்றால் அங்குள்ள படங்களைப் பற்றி முன்கூட்டியே பேசி அனுப்புவது நல்லது. சமூக அறிவியல் தொடக்கநிலை இறுதித் தேர்வில் இல்லை என்பதால் சில பெற்றோர் இவற்றைப் பொழுதுபோக்கு என்று நினைத்து, துணைப்பாட வகுப்பு இருக்கிறதென்று பிள்ளைக்கு விடுப்பு எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நண்பர்களோடு பேருந்தில் போய்வந்த அந்தப் பகல்தான் பிள்ளை இந்த ஊரோடு ஒட்டத் தொடங்கும் பகல்.

ஆகஸ்ட்: தேசிய தினமும் ஏழாம் மாதமும்

தேசிய தினக் கொண்டாட்டத்துக்குச் சிவப்பு அல்லது வெள்ளைச் சட்டை. அன்று பெரும்பாலும் பாதி நாள்தான் பள்ளி. திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலையும் பாடும் தேசிய கீதம் மலாய் மொழியில், சுபிர் சயித் 1958இல் இயற்றியது. பொருள் தெரிந்து கேட்டால் பிள்ளைக்குப் பிடித்துவிடும். குடியுரிமை இல்லாத பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நிற்கவேண்டும். பாடுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். கீதத்துக்குப் பின் சொல்லும் உறுதிமொழியை 1966இல் வரைந்தவர் சின்னத்தம்பி ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானவர். இனம், மொழி, மதம் என்று பாராமல் ஒன்றுபடுவோம் என்ற அதன் கருத்து 1964ஐக் கண்டவர்கள் எழுதியது என்பதைப் பிள்ளை இப்போது புரிந்துகொள்ளும்.

தொடக்கநிலை 5 மாணவர்களை ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் தேசிய தின அணிவகுப்பின் ஒத்திகைக் காட்சிக்குப் பள்ளியே அழைத்துப்போகும். முழு அணிவகுப்பையும் வாணவேடிக்கையோடு பார்ப்பார்கள். திரும்ப இரவாகிவிடும், பள்ளி வாசலுக்குப் போய் அழைத்து வரவேண்டும். அந்தச் சனிக்கிழமையில் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பிள்ளையை ஏங்க வைக்காதீர்கள்.

ஆகஸ்ட் வாக்கில் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம் வரும். கட்டடத்தின் அடியில் காகிதம் எரிப்பார்கள்; புல்தரையில் ஊதுபத்தியும் பழமும் சோறும் வைத்திருப்பார்கள். கூடாரம் போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். மறைந்த முன்னோர்களையும் கேட்பாரற்ற ஆவிகளையும் உபசரிக்கும் மாதம் அது. அந்த நாற்காலிகள் அவர்களுக்கு உரியவை, அங்கே உட்காரக்கூடாது. படையலை மிதிக்காமல் சுற்றிப் போகவேண்டும். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு வாக்கியம் போதும். புகை தொந்தரவாக இருந்தால் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்; பிள்ளையின் முன்னால் முணுமுணுக்க வேண்டாம்.

செப்டம்பர் விடுமுறை

ஆசிரியர் தினத்தன்று பள்ளி இல்லை. முந்தைய நாள் கொண்டாட்டம். விலையுயர்ந்த பரிசு எதுவும் வேண்டாம். பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு வாழ்த்து மடலே ஆசிரியர்கள் விரும்புவது. தமிழாசிரியருக்குத் தமிழில் எழுதட்டும். தெலுக் ஆயரில் பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அவருக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கும்.

அதன்பின் ஒரு வார விடுமுறை. விட்டுப்போன நடை ஏதாவது இருந்தால் இப்போது போகலாம். தேசிய மரபுடைமைக் கழகத்தின் இணையத்தளத்தில் வட்டாரவாரியாக மரபுடைமைப் பாதைகளின் கையேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் பேட்டைக்கே ஒன்று இருக்கக்கூடும். இன்னொரு வேலையையும் இந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தீபாவளி நான்காம் தவணையிலோ ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் வேளையிலோ வரும். அன்று வீட்டுக்கு அழைக்க நினைக்கும் வகுப்புத் தோழர்களின் பெற்றோரிடம் இப்போதே பேசி, அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள், எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அக்டோபரில் தேர்வுகள் வந்துவிடும். அப்போது யாருக்கும் பேச நேரம் இருக்காது.